உப்புத் தண்ணீர் குடித்த கார்

திருப்பூரில் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போனபோது, உடன் வந்த மெக்கானிக் பெயிண்டையும் டயரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இஞ்சின் ஆறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே விரலை விட்டு வழித்தார். விரலில் செம்மண் குழம்பு போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மூடியின் அடியில் வெள்ளைப் பொருக்கு. “உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த வண்டிங்க இது,” என்றார். விலையில் பத்தாயிரம் குறைந்ததும் அவர் சொன்னதை நான் மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து 24,000 ரூபாய்க்கு பில் வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

பழைய சிறு கார் வாங்குகிறவர்கள் கிளட்சுக்கும் சஸ்பென்ஷனுக்கும்தான் பயப்படுகிறார்கள். அவை தேயும், சில ஆயிரம் வாங்கும், அத்தோடு விஷயம் முடியும். இஞ்சினைக் குளிர வைக்கும் அமைப்பு அப்படியல்ல. ரேடியேட்டரில் தண்ணீரோடு ஊற்றும் கூலன்ட் என்ற திரவத்தில் சில நூறு ரூபாய்க்குக் காட்டிய சிக்கனம், பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும்.

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. இஞ்சினில் இருக்கும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதி இஞ்சின் சுவர்களில் ஏறுகிறது. அதை அள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டிவிட்டுத் திரும்புவதுதான் தண்ணீரின் வேலை. தண்ணீரைத் தள்ளுவது ஒரு சிறிய பம்ப். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் அதே இம்பெல்லர் சக்கரம்தான், உள்ளங்கை அளவில். வருகிற நோயும் அதே நோய்தான்: சீல் தேய்ந்து சொட்டும்.

போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கின்றன. சூடேறியதும் பைகார்பனேட் உடைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் நாம் சுரண்டுகிற அதே வெள்ளை. பாத்திரத்தில் அது வெறும் அழுக்கு. ரேடியேட்டரின் ஒடுங்கிய குழாய்களில் அது பாதி வழியை அடைத்துவிடும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். இஞ்சினுக்குள் கம்பளி போர்த்தியது போல. உப்பு கலந்த நீர் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்துவதால், இரும்பும் அலுமினியமும் அதில் நனைந்து கிடக்கும்போது ஒரு பேட்டரி போலச் செயல்பட்டு உலோகம் அரிக்கிறது. மெக்கானிக்கின் விரலில் வந்த செம்மண் நிறம் அதே நீரில் இரும்பு பிடித்த துருதான்.

சிறுவாணித் தண்ணீர் ஊற்றலாமே என்று கோவை நண்பர் ஒருவர் கேட்டார். உப்புத் தண்ணீருக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் சுவைக்கும் அரிப்புக்கும் சம்பந்தமில்லை. கூலன்டில் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. குளிர்நாட்டில் உறையாமல் இருக்கத்தானே கூலன்ட், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அந்தப் பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகும் என்பதால்தான் கூலன்டை மாற்றச் சொல்கிறார்கள்.

மூடிக்கும் ஒரு வேலை உண்டு. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. ரப்பர் போன மூடியோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறிப் பாருங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். பல சிறு கார்களில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்குவதே 95 டிகிரிக்குப் பக்கத்தில். விசிறி விழிப்பதற்குள் தண்ணீர் ஆவியாகியிருக்கும். புது மூடி சில நூறு ரூபாய்தான். ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்: அழுத்தம் விடுபட்ட நொடியில் தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

இங்கே எனக்கு ஒரு புகார் உண்டு. வண்டி சூடானால் சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உருகினால் விரியும் மெழுகு உள்ளே இருக்கிற வால்வு அது. இஞ்சின் 80 டிகிரியைத் தாண்டும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது. அதை எடுத்துவிட்டால் இஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடி, மைலேஜ் விழும். நோய் ஒளிந்துகொள்ளுமே தவிரத் தீராது.

கோவை காந்திபுரம் நெரிசலில் சூடேறி, பைபாஸில் அடங்கினால் விசிறியைச் சந்தேகப்படுங்கள். வேகத்தில் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடும். மாறாக, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் வெப்பமானி முள் எகிறினால், அடைத்த ரேடியேட்டரோ பம்போதான் காரணமாக இருக்கும்.

என் வண்டியில் முள் எகிறியது அங்கேதான். இன்னும் நான்கு வளைவுதானே என்று ஓட்டினேன். சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட், அவை இருக்கும் இரும்பு பிளாக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்க, விரிய இடமில்லாமல் ஹெட் வளைந்தது. இரண்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட் வழிவிட்டது. வெள்ளைப் புகை. ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை போல ஒரு பூச்சு: தண்ணீரும் ஆயிலும் கலந்ததன் அடையாளம். பில்லில் கேஸ்கெட்டின் விலை சிறியது. ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறைக்கு அனுப்பி மட்டம் சீவி, மறுபடி பூட்டுகிற கூலியும், புது ரேடியேட்டரும் பம்பும்தான் தொகையை ஏற்றின.

வண்டியை எடுக்கப் போனபோது பின் இருக்கையில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று இருந்தது. அதற்கும் பில்லில் ஒரு வரி போட்டிருந்தார் மெக்கானிக்.