பெட்ரோல் கலந்த நிலத்தடி நீருக்கு ஆக்சிஜன் வைத்தியம்

பெட்ரோல் நிலையத்தின் தரைக்கடியில் புதைத்த தொட்டி துருப்பிடித்து ஒழுகத் தொடங்கினால், பல மாதங்கள் அது யார் கண்ணிலும் படாமல் போகலாம். ஒழுகிய எண்ணெய் மண்ணின் இடுக்குகள் வழியே இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும், நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் ஏடு போலப் பரவுகிறது. அந்த ஏட்டில் பெரும்பகுதியைப் பம்பு வைத்து எடுத்துவிடலாம். எடுக்கக் கடினமானது நீரில் கரைந்துபோன பங்குதான். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் சிறுகச் சிறுகக் கரைந்து, நிலத்தடி நீர் நகரும் திசையில் நீண்ட வால் போலப் போய்க்கொண்டே இருக்கின்றன. இவற்றுள் பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அதற்கு இடம் தருவதில்லை.

இந்த வாலைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்து விடவேண்டிய தேவை அரிது. 1972-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆம்ப்ளர் என்னும் ஊரில் எண்ணெய்க் குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்தபோது, சன் ஆயில் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ரேமண்டின் குழுவினர் கிணறுகளுக்குள் காற்றை ஊதி, நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளையும் சேர்த்து, அங்கிருந்த நுண்ணுயிர்களை வேலை வாங்கினார்கள். 1974-இல் அம்முறைக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இங்கே இரண்டு விதத்தில் வேண்டியிருக்கிறது. நம்மைப் போலவே சுவாசிப்பதற்கு என்பது ஒன்று. மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படாதது: பென்சீனின் ஆறு கார்பன் வளையம் எளிதில் உடையாத கட்டமைப்பு, பாக்டீரியாவின் நொதி ஆக்சிஜன் அணுக்களையே அந்த வளையத்தின்மேல் பொருத்தி, அதன் இறுக்கத்தைத் தளர்த்திய பிறகுதான் வளையத்தைப் பிளக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த நீரில் நைட்ரேட்டையோ இரும்பையோ சல்பேட்டையோ வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கும் என்றாலும், அவற்றிடம் டொலுவீன் ஓரளவு வேகமாக அழிய, பென்சீன் பல இடங்களில் பிடிவாதமாக நின்றுவிடுகிறது.

எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கைப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். 78 கிராம் பென்சீன் முழுவதும் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற 240 கிராம் ஆக்சிஜன் தேவை. அதாவது ஒரு பங்குக்கு ஏறக்குறைய மூன்று பங்கு. 25 டிகிரி வெப்பத்தில், காற்றோடு நன்றாகக் கலந்த நீர்கூட லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். அதைக் கொண்டு இரண்டரை மில்லிகிராம் பென்சீனைத் தீர்க்கலாம், அவ்வளவுதான். காற்றே எட்டாத ஆழத்தில், பாக்டீரியாக்கள் இருந்ததையெல்லாம் உறிஞ்சி முடித்த இடத்தில், அந்த 8 மில்லிகிராமும் கிடையாது.

காற்றை ஊதிக்கொண்டே இருப்பதற்கு இயந்திரமும் மின்சாரமும் ஆளும் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கரைத்து ஊற்றினால், மண்ணிலுள்ள இரும்பும் பாக்டீரியாவின் நொதிகளும் அதை மளமளவெனச் சிதைத்துவிட, ஆக்சிஜனில் பெரும்பங்கு குமிழியாகி மேலே போய்விடும். அதனால்தான் மக்னீசியம் பெராக்சைடு, கால்சியம் பெராக்சைடு போன்ற திடப்பொருட்கள் வந்தன. இவை நீரில் பட்டால் மெதுவாக ஹைட்ராக்சைடாக மாறி, ஆக்சிஜனை விடுவிக்கின்றன. தூய மக்னீசியம் பெராக்சைடு ஒரு கிலோவில் ஏறத்தாழ 280 கிராம் ஆக்சிஜன் கிடைக்கும்; சந்தைச் சரக்கு அவ்வளவு தூயதல்ல என்பதால் கிடைப்பது அதைவிடக் குறைவு. உருவாகும் ஹைட்ராக்சைடு துகளின் மேல் பூச்சாகப் படிந்து வினையை அடைத்துவிடக் கூடும் என்பதற்காக, படிகத்துக்குள் பாஸ்பேட்டைச் செருகித் தயாரிப்பதும் உண்டு.

இந்தத் தூளைச் சிமென்ட்டோடு பிசைந்து கட்டியாக்கிக் கிணற்றில் இறக்குவது தொடக்க காலத்து வழி. கனடாவின் போர்டன் படைத்தளத்தில் அப்படி இறக்கிய கட்டிகள் பென்சீனையும் டொலுவீனையும் குறைத்ததாக 1994-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றாண்டு கழித்து, வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் போர்டனும் (படைத்தளத்துக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே) அவருடன் பணிபுரிந்தவர்களும் பெட்ரோல் கசிந்த உண்மையான ஓர் இடத்தில் பெற்ற அனுபவத்தை வெளியிட்டனர். நீரோட்டத்துக்குக் குறுக்கே நெருக்கமாக ஒரு வரிசைக் கிணறுகள் தோண்டி, ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் விடுவிக்கும் கட்டிகளை அவற்றில் நிரப்பி, கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்றை எழுப்பினார்கள். முதல் 242 நாட்களில், வேலியைக் கடந்த நீரில் அந்த நான்கு பொருட்களின் மொத்த அளவு லிட்டருக்கு 17 மில்லிகிராமிலிருந்து 3.4 ஆக இறங்கியது. கரைந்த ஆக்சிஜனோ 0.4-இலிருந்து 1.8 மில்லிகிராமுக்குத்தான் ஏறியது. விடுபட்ட ஆக்சிஜனை உடனுக்குடன் பாக்டீரியாக்கள் செலவழித்துவிட்டன என்று அதற்குப் பொருள்.

அதற்குமேல் வேலியின் திறன் குறையத் தொடங்கியது. ஏன் என்பதை நம் ஊரில் இரும்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்துவைத்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். குழாயிலிருந்து தெளிவாக விழும் நீர், வாளியில் சில மணி நேரம் நின்றால் செம்மஞ்சள் நிறமாகி அடியில் வண்டல் தங்கும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகி வீழ்வதே அது. கிணற்றைச் சுற்றியும் அதுவே நடந்தது. ஆக்சிஜனும், சிமென்ட்டிலிருந்து ஊறிய காரமும் சேர்ந்து இரும்பைப் படியவைக்க, அந்தப் படிவு மண்ணின் துளைகளை அடைத்துவிட்டது. மருந்தே தான் போகும் வழியை மூடிக்கொண்டது. எனக்கு இந்தத் தோல்வி, அதற்கு முந்தைய வெற்றியைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. 17 மில்லிகிராமைத் தீர்க்க 50 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். இவ்வளவு சுமையை இப்படியொரு வேலியின் தலையில் ஏற்றியதுதான் பிழை.

ஆகவே மாசு அடர்ந்த நடுப்பகுதியைவிட, செறிவு குறைந்த ஓரங்களுக்கும் வாலுக்குமே இம்முறை பொருந்தும். 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் நேர்ந்ததுபோல வீட்டுக் கிணற்றிலேயே எண்ணெய் தென்படும் இடத்தில் முதலில் எண்ணெயை எடுத்தாக வேண்டும்; அந்த நிலையில் பெராக்சைடு இடுவது காசைக் கரைப்பதாகும். இப்போது சிமென்ட்டைத் தவிர்த்து, தூளை வடிதுணிப் பைகளில் அடைத்துக் கிணற்றில் தொங்கவிடுகிறார்கள். அல்லது குழம்பாகக் கரைத்து, பல இடங்களில் துளையிட்டு மண்ணுக்குள்ளேயே செலுத்துகிறார்கள். பைகளின் சத்து மாதக்கணக்கில் தீரும்போது மாற்ற வேண்டும்.

கண்காணிப்புக் கிணற்றில் ஆக்சிஜன் அளவு உயர்ந்து நிலைத்தால், தின்ன இனி அதிகம் மிச்சமில்லை என்று கொள்ளலாம். ஆனால் பைகளை எடுத்த பிறகும் பல மாதங்கள் நீரைச் சோதிக்கிறார்கள். களிமண் இடுக்குகளில் ஒட்டியிருந்த எண்ணெய் மறுபடி கரைந்து, பென்சீன் அளவு மீண்டும் ஏறக் கூடும். அப்படி ஏறினால், பைகளை மறுபடி இறக்க வேண்டியதுதான்.