தேயிலைக் கொப்புளமும் குன்னூர்ச் சுண்டெலியும்

பருவமழை பிடித்துக்கொண்டால் குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொப்புள நோய் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். தாக்கப்பட்ட கொழுந்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு சின்னப் புள்ளி தெரியும். நாளாக ஆக இலையின் மேற்புறம் அந்த இடத்தில் குழியும், அடிப்புறம் புடைக்கும், புடைப்பின் மேல் வெள்ளை படரும். அந்த வெள்ளைதான் எக்ஸோபசிடியம் வெக்ஸான்ஸ் என்ற பூஞ்சை. தென்னிந்தியாவுக்கு 1946-ல் வந்து சேர்ந்தது. முற்றிய இலையைத் தொடாது, இளந்தளிர்தான் வேண்டும். ஈரம் இல்லாமல் இதன் வித்துகள் முளைக்காது. நல்ல வெயில் அடித்தால் செத்துவிடும்.

இதே மலையில் மஸ் ஃபாமுலஸ் என்றொரு காட்டுச் சுண்டெலி இருக்கிறது. குன்னூரில் கிடைத்த எலியை வைத்து 1898-ல் இதை விவரித்தார்கள். இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம்.

சரி, இந்தப் பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தம் யார்? அது வாழும் தேயிலைச் செடியா, இந்தச் சுண்டெலியா?

சுண்டெலிதான். பூஞ்சைகளும் விலங்குகளும் ஒரே கிளையில் பிரிந்தவை, செடிகள் வேறு கிளை என்பதை 1993-ல் வெளியான மூலக்கூறு ஒப்பீடுகள் காட்டின. செடி வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும், மிச்சத்தை மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கும். எலிக்கும் பூஞ்சைக்கும் அடுத்தவர் சமைத்ததுதான் சாப்பாடு. இரண்டுமே சேமிப்பது கிளைகோஜன். எலி விழுங்கிச் செரிக்கிறது. கொப்புளப் பூஞ்சை நூல் நூலாக இலைக்குள் ஓடி, உயிருள்ள செல்களிடமிருந்து சத்தை உறிஞ்சுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று செல்லின் சவ்வில் இருக்கிறது. அதற்குத் தேவையான கொழுப்பைச் செய்ய எலியும் பூஞ்சையும் லனோஸ்டெரால் என்ற ஒரே பொருளில் தொடங்குகின்றன. செடிகள் பெரும்பாலும் சைக்ளோஆர்ட்டெனாலில் தொடங்கும். லனோஸ்டெராலில் இருந்து எலி கொலஸ்டிராலுக்குப் போகிறது, பூஞ்சை எர்கோஸ்டெராலுக்குப் போகிறது. கொப்புள நோய்க்குத் தெளிக்கும் ஹெக்ஸகோனசோல் அந்தப் பாதையில் உள்ள ஒரு நொதியை அடைக்கிறது. எர்கோஸ்டெரால் இல்லாமல் பூஞ்சையின் சவ்வு குலைந்துபோகும்.

அதே வகை நொதி எலிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. படர்தாமரைக்குத் தரும் மருந்துகள் பலவும் அதைத்தான் குறிவைக்கின்றன. பூஞ்சையின் நொதியை இறுகப் பிடித்து நம்முடையதை விட்டுவிடும் மருந்தாகப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். பாக்டீரியாவுக்கு இருக்கும் அளவுக்குப் பூஞ்சைக்கு மருந்துகள் இல்லாததற்கு இந்தச் சொந்தம் ஒரு முக்கியக் காரணம்.