படபடப்பு, மன அழுத்தம், கோபம்: 14416 எப்போது, எப்படி?

ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது, மேலதிகாரியின் போன் என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்வது, ஒன்றுமில்லாததற்குப் பிள்ளைகள் மீது எரிந்து விழுவது. இதற்கெல்லாம் அரசு கவுன்சலிங் தருமா? தரும், காசில்லாமல்.

மத்திய அரசின் டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. எண் 14416. அது கிடைக்காவிட்டால் 1800-891-4416. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குத் தலைமை மையம். தமிழ்நாட்டில் இதே எண்ணை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அழைத்ததும் மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். 'எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை' என்பதையே முதல் வரியாகச் சொல்லலாம், தவறில்லை. பலருக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருக்கும். மேற்கொண்டு தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது நேரில் பார்க்க வழிகாட்டுவார்கள். போனில் பேசவே கூச்சம் என்றால் நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ஓபி சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் பள்ளி, கல்லூரிகளில் ஆலோசனை தருவதும், வேலையிடத்து மன அழுத்தத்தைச் சமாளிக்க உதவுவதும் சேர்ந்தவை. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

சரி, போனால் 'மனநோயாளி' என்று முத்திரை குத்திவிடுவார்களோ? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதில் தெளிவாகவே இருக்கிறது. சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் போன்றவற்றில் பெரிய அளவில் கோளாறு ஏற்பட்டு, நடத்தையோ அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறனோ கடுமையாகப் பாதிக்கப்படுவது போன்ற நிலையைத்தான் அது மனநோய் என்கிறது. வேலை டென்ஷன் அந்தக் கணக்கில் வராது. முன்பு சிகிச்சை எடுத்தவர் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டவும் கூடாது. அரசு நடத்தும், நிதி தரும் மனநலச் சேவையைப் பெறுவது 18ஆம் பிரிவின்படி எல்லாருக்கும் உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம்.

ரகசியத்துக்கு 23ஆம் பிரிவு. சிகிச்சை பெறுபவரின் மனநலம், சிகிச்சை பற்றிய தகவலை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் விதிவிலக்கு உண்டு: இன்னொருவருக்குத் தீங்கு நேராமல் தடுக்கவோ, உயிருக்கு ஆபத்து என்றாலோ, தேவையான அளவு தகவலை வெளியிடலாம். அந்த விதிவிலக்கு நியாயமானதுதான்.

காப்பீட்டு நிறுவனங்கள் மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. தனியார் கவுன்சலிங் கட்டணம் வேறு கதை. உங்கள் பாலிசியில் வெளிநோயாளி செலவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படபடப்பு உள்ளவர் தானே உதவி தேடுவார். கோபக்காரர் பெரும்பாலும் 'அவங்கதான் என்னைக் கோபப்படுத்துறாங்க' என்பார். அதனால் வீட்டில் இருப்பவர்களே 14416-ஐ அழைத்து, அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கலாம். கோபம் கை நீட்டும் அளவுக்குப் போய்விட்டால் கவுன்சலிங்குக்குக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்து என்றால் 112.