செக்யூலர்: மதச்சார்பின்மை மட்டும்தான் தமிழா?

"அவர் ரொம்ப செக்யூலருங்க, எல்லா மதப் பண்டிகைக்கும் வாழ்த்து சொல்லிடுவார்" என்கிறார் ஒருவர். "அவன் செக்யூலர்ப்பா, கோயில் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டான்" என்கிறார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது மத நல்லிணக்கம், இரண்டாமவர் சொல்வது நாத்திகம். இரண்டுமே நல்ல சொற்கள்தான், ஆனால் செக்யூலருக்கு இரண்டும் பொருள் இல்லை. மதச்சார்பின்மை என்று தமிழில் சொன்னாலும் குழப்பம் தீர்வதில்லை, போதாக்குறைக்கு அது கூட்டணிகளுக்கும் கட்சிகளுக்கும் பெயராக வேறு போய்விட்டது. (மதச்சார்பற்ற ஜனதா தளம் 2023 இல் பா.ஜ.க. கூட்டணியில் சேர்ந்தது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.)

வேர் லத்தீன். சேகுலும் என்றால் ஒரு தலைமுறை, ஒரு காலம். திருச்சபை லத்தீனில் அதுவே நித்திய வாழ்வுக்கு எதிரான "இந்த உலகம்" என்று பொருள் மாறியது. மடத்தில் துறவியாக வாழ்கிற குருக்கள் ஒரு வகை, ஊருக்குள் பங்கு மக்களோடு வாழ்கிற குருக்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினருக்குத்தான் செக்யூலர் என்று பெயர். ஆக, இந்தப் பெயரை முதலில் சுமந்தவர்களில் பாதிரியார்களும் உண்டு! நம்மூர் பிராமணர்கள் வைதீகர், லௌகீகர் என்று பிரித்துப் பேசுவது கிட்டத்தட்ட இதேதான். புரோகிதம் செய்கிறவர் வைதீகர், வக்கீல் வேலையோ குமாஸ்தா வேலையோ பார்க்கிறவர் லௌகீகர், ஆனால் அவரும் காலையில் சந்தியாவந்தனம் முடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குக் கிளம்புவார். மதத்தை விட்டவர் என்ற வாடையே அந்தச் சொல்லில் கிடையாது.

செக்யூலரிசம் என்று அதை ஒரு கொள்கையாக்கியவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற ஆங்கிலேயர், 1851 இல். 1842 இல் மத நிந்தனை செய்தார் என்று ஆறு மாதம் சிறையில் இருந்தவர். அவர் சொன்னது எளிமையானது: மனிதனின் நல்லது கெட்டதை இந்த உலக வாழ்க்கையை வைத்தே முடிவு செய்யலாம், மறு உலகம் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கு ஒருபக்கம் நடந்துகொண்டு இருக்கட்டும். அடுத்து வந்த சார்லஸ் பிராட்லாவுக்கு இந்த மழுப்பல் பிடிக்கவில்லை. செக்யூலரிசத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால் நாத்திகத்தில்தான் போய் நிற்கும் என்பது அவர் கட்சி. இதை வைத்து 1870 இல் இருவரும் மேடையிலேயே விவாதம் செய்தார்கள். "செக்யூலர்னா சாமி இல்லைன்னு சொல்றவனா?" என்று இன்று நாம் போடுகிற சண்டைக்கு 150 வயது தாண்டிவிட்டது.

பிராட்லா 1880 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தார். கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பதற்குப் பதிலாக வெறுமனே உறுதி கூறுகிறேன் என்றார், அனுமதி கிடைக்கவில்லை. சரி, வழக்கமான உறுதிமொழியையே எடுத்துக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தபோது, நம்பிக்கை இல்லாதவன் எடுக்கும் சத்தியம் செல்லாது என்று அதற்கும் தடை. மறுபடி மறுபடி இடைத்தேர்தல், மறுபடி மறுபடி வெற்றி, 1886 இல்தான் உட்கார இடம் கிடைத்தது. 1888 இல் அவர் முயற்சியிலேயே சட்டமும் மாறியது. நம் அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணை கடவுள் பெயராலும் எடுக்கலாம், அப்படி இல்லாமலும் எடுக்கலாம் என்று இரண்டு வழியைத் திறந்து வைத்திருப்பதும் இந்த வரிசையில் வருவதுதான். தமிழ்நாட்டில் பதவியேற்பு விழாவில் "உளமார" என்ற சொல் காதில் விழும்போது பிராட்லாவை நினைத்துக்கொள்ளலாம்.

இந்த அலை சென்னைக்கும் வந்தது, அதுவும் சுடச்சுட. 1880களில் சென்னை இலௌகிக சங்கம் என்று ஒன்று இயங்கியது. தமிழில் "தத்துவ விவேசினி", ஆங்கிலத்தில் "தி திங்க்கர்" என்று இரண்டு இதழ்கள் நடத்தினார்கள். பெரியார் குடி அரசு இதழைத் தொடங்கிய 1925க்குச் சுமார் நாற்பது ஆண்டு முன்னால்! அவர்கள் செக்யூலருக்கு எடுத்துக்கொண்ட தமிழைப் பாருங்கள்: இலௌகிகம். மதத்தை மறுக்கிற சொல்லைத் தேடாமல், உலகத்தைக் காட்டுகிற சொல்லை எடுத்தார்கள். என் கணக்கில் இதுவரை வந்ததிலேயே சரியான மொழிபெயர்ப்பு இதுதான். லோகம் வடமொழி என்று நெருடினால் உலகியல் என்று வைத்துக்கொள்ளலாம். "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிற சொல்.

அப்புறம் மதச்சார்பின்மை எங்கிருந்து வருகிறது? தனிமனிதனின் பார்வையைக் குறித்த சொல், அரசின் நடத்தையைக் குறிக்கத் தொடங்கியதும் தேவைப்பட்ட தமிழ் இது. அரசு எந்த மதத்தின் மீதும் சாயக்கூடாது, அதனால் சார்பின்மை. அந்த இடத்தில் பொருத்தமான சொல்தான். அரசியல் நிர்ணய சபையில் 1948 இல் கே.டி. ஷா இந்தச் சொல்லைச் சாசனத்தில் சேர்க்கச் சொன்னார், அம்பேத்கர் ஏற்கவில்லை. முகப்புரையில் அது ஏறியது 1976 இல், 42வது திருத்தத்தில். எல்லா மதங்களுக்கும் சம மரியாதை என்று அதற்கு விளக்கம் எழுத 1978 இல் ஜனதா அரசு முயன்றது, மாநிலங்களவையில் தோற்றது. ஆகவே முகப்புரையில் சொல் இருக்கிறது, சாசனத்தில் அதற்கு விளக்கம் கிடையாது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில், கதை தலைகீழ்: எந்த மதத்தாருக்கும் சட்டத்தில் தனிச்சலுகை கூடாது என்ற, அங்கிருந்த பழைய சோல்பரி சாசனத்தின் 29வது பிரிவு 1972 இல் போய், பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வந்தது.

1976க்கு முன்பே, தொடக்கத்திலிருந்தே, நம் சாசனத்தில் செக்யூலர் என்ற சொல் ஓர் இடத்தில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 25(2)(அ): மத வழக்கத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி, அரசியல் அல்லது வேறு "செக்யூலர்" நடவடிக்கையை அரசு ஒழுங்குபடுத்தலாம். கருவறையில் எந்த ஆகமப்படி பூஜை நடக்கிறது என்பது மதம்; உண்டியல் கணக்கு, கோயில் கடை வாடகை, நிலக் குத்தகை எல்லாம் செக்யூலர். தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கிய சட்டத்தை 1972 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, அர்ச்சகரை நியமிப்பது செக்யூலர் செயல் என்றுதான் சொன்னது. இதை "மதச்சார்பற்ற செயல்" என்று தமிழில் எழுதினால் அபத்தமாகத் தொனிக்கும், உலகியல் செயல் என்றால் உடனே புரியும்.

மதமா, சமயமா என்று இன்னொரு பஞ்சாயத்து உண்டு. பாடநூல் முகப்புரையில் சமயச் சார்பின்மை, பத்திரிகைகளில் மதச்சார்பின்மை. சமயம்தான் தூய தமிழ் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், உண்மையில் இரண்டுமே வடமொழி வழி வந்தவை. நன்னூலின் "எழுவகை மதம்" என்பதில் மதம் என்றால் நூலாசிரியர் கொள்ளும் கருத்து, கொள்கை, அவ்வளவுதான். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்.

ஆக அரசு, சட்டம், அரசுப் பள்ளி என்றால் மதச்சார்பற்ற என்று எழுதலாம். வாழ்க்கைப் பார்வை, செயல், கல்வி, இலக்கியம் என்றால் உலகியல். ஓர் ஆளைப் பற்றிச் சொல்லும்போது அவர் நாத்திகரா, எல்லோரோடும் இணக்கமானவரா, அரசியலில் மதம் கலக்கக்கூடாது என்பவரா என்று பார்த்து அதையே சொல்லிவிடுவது நல்லது. தினமும் திருநீறு பூசுகிறவர் மூன்றாவது வகையில் இருக்கலாம், கடவுளே இல்லை என்கிறவர் அதில் இல்லாமலும் போகலாம்.

சொல்லாராய்ச்சி போதும், இது நம் வீட்டுக்குள் வருகிற இடத்தைப் பார்க்கலாம். இரு வேறு மதத்தினர் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, மதத்தைக் கேட்காத சட்டம். ஆனால் முதலில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள், 30 நாள் காத்திருக்க வேண்டும். வயது, ஏற்கெனவே துணை இருப்பது, மனநிலை, தடுக்கப்பட்ட உறவுமுறை இவற்றை வைத்துத்தான் ஆட்சேபிக்கலாம், மதத்தை வைத்து முடியாது. சட்டத்தில் முடியாது, சரி. அந்த 30 நாளில் நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டுக்குப் போன் போடுகிறவரை எந்தப் பிரிவு தடுக்கும்? ஒரே மதத்து ஜோடி இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் கல்யாணம் செய்ய இப்படி நோட்டீஸ் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

சரி, ஐயரும் வேண்டாம் மந்திரமும் வேண்டாம், சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். அண்ணா ஆட்சியில் 1967 இல் நிறைவேறிய திருத்தம் அதைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் சரி. ஆனால் அந்தத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவு உட்கார்ந்திருப்பதே இந்துத் திருமணச் சட்டத்துக்குள். இரு இந்துக்களுக்கு இடையே என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்றால், மேடையில் மாலை மாற்றிக்கொண்டாலும் சட்டத்துக்கு அந்த நோட்டீஸ் போர்டுதான்.