பை-லா: துணைவிதியா, ஊர்விதியா?

ஓர் உள்ளாட்சி அமைப்போ சங்கமோ தனக்கென வகுத்துக்கொள்ளும் விதியைக் குறிக்கும் 'பை-லா' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'துணைவிதி' என்று எழுதிப் பழகிவிட்டோம். முன்னால் நிற்கும் 'பை' என்பதற்குப் பக்கத்தில் இருப்பது, இரண்டாம்பட்சமானது என்று பொருள் கொண்டதன் விளைவு இது. ஆனால் அதன் வேர் ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் ஊரைக் குறிக்கும் 'பீர்' என்ற சொல் என்பதே சொற்பிறப்பியலார் கருத்து. ஸ்காண்டிநேவியர் குடியேறிய விட்பி, கிரிம்ஸ்பி முதலிய இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் அதே சொல்தான் நிற்கிறது. ஆகவே பை-லா என்பது ஊர் தனக்கென வகுத்துக்கொண்ட சட்டம். இந்தப் பொருளைத் துணைவிதி என்ற சொல் மறைத்துவிடுகிறது.

குப்பை விஷயத்தில் இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மத்திய அரசு 2016 ஏப்ரலில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான கழிவு என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி, அதற்கான பை-லாவை உள்ளாட்சி அமைப்புகள் ஓராண்டுக்குள் இயற்ற வேண்டும் என்றும் பணித்தன. பெருநகர சென்னை மாநகராட்சியின் பை-லா 2019ஆம் ஆண்டுக்குரியது. குப்பை அள்ள வீடுகளில் கட்டணம் வாங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. எவ்வளவு என்பது ஊரின் முடிவு. 2021 ஜனவரி முதல் வசூல் என்று அறிவித்த மாநகராட்சி, எதிர்ப்பு எழுந்ததும் அதை நிறுத்திவைத்தது.

பொது வரையறை நாட்டுக்கு ஒன்றாக இருப்பது தேவைதான். ஆனால் மே மாதத்தில் திருவான்மியூர்த் தெருமுனையில் இடுப்பளவு குவியும் இளநீர் மட்டையை அந்த வரையறை 'மக்கும் குப்பை' என்று மட்டுமே சொல்லும். சமையலறைக் கழிவோடு சேர்ந்து அது எளிதில் மக்காது, வெட்டித் தூளாக்க வேண்டும் என்பது பேட்டரி வண்டியில் அதை அள்ளிப்போடும் தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். அந்த அறிவு விதியாக வேண்டிய இடம் பை-லாதான். திடக்கழிவு மேலாண்மையை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாக 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் வைத்ததும் இதனாலேயே பொருத்தமாகிறது.

இதற்கு நம்மிடம் பழைய சொல்லும் உண்டு. சென்னைக்குத் தென்மேற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், ஊர்ச்சபை தான் வகுத்த விதிமுறையை 'வியவஸ்தை' என்கிறது. அரசாணைப்படி அரசனின் அதிகாரி உடனிருக்க, வியவஸ்தை செய்தது சபையே. வியவஸ்தை வடசொல், விதிமுறை என்ற பொருளில் இன்றைய வழக்கிலும் இல்லை.

எனவே கூட்டுறவுச் சங்கங்களின் பை-லாவுக்குத் துணைவிதி என்பதே இருக்கட்டும். மாநகராட்சியும் ஊராட்சியும் இயற்றுவதற்கு 'ஊர்விதி' என்று எழுதலாம்.