வேக்ஸ் வீக்: ஊர் விடுமுறை வாரம்

சுதேசி இயக்கக் காலத்தில் நம்மவர்கள் தீயிலிட்ட, இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத் துணியை நெய்தவர்களுக்கும் ஆண்டில் ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது. ஊரில் உள்ள பஞ்சாலைகள் எல்லாம் ஒரே நாளில் மூடப்படும். கொதிகலன்களை அணைத்துப் பழுது பார்ப்பார்கள். தொழிலாளர்கள் குடும்பத்தோடு ரயிலேறிக் கடற்கரைக்குப் போவார்கள். அந்த வாரத்தின் பெயர்தான் வேக்ஸ் வீக்.

‘வேக்’ என்பது கண்விழித்தல். ஒரு தேவாலயத்தின் நேர்ந்தளிப்பு விழாவுக்கு, அதாவது அதைக் கடவுளுக்கு அர்ப்பணித்ததை நினைவுகூரும் விழாவுக்கு, முந்தைய இரவு மக்கள் தூங்காமல் செபிப்பார்கள். தமிழகக் கத்தோலிக்கர்கள் ‘திருவிழிப்பு’ என்று சொல்வது இதையே. பிணத்தருகே விழித்திருப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் உண்டு என்பதால் சிலர் இதை இழவோடு முடிச்சுப் போடுகிறார்கள். இங்கே அந்தப் பொருள் இல்லை. நாளடைவில் செபம் தேய்ந்து சந்தையும் கூத்தும் குடியும் மிஞ்சின.

ஊருக்கு ஒரு தேவாலயம் என்பதால் ஊருக்கு ஒரு தேதி. 1536இல், மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், நேர்ந்தளிப்பு விழாக்கள் எல்லாவற்றையும் அக்டோபர் முதல் ஞாயிறன்றே கொண்டாட வேண்டும் என்று ஆணை வந்தது. பல ஊர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த அடங்காமையின் பலன் முந்நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1846இல் லங்காஷயரின் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு ரயில் வந்தபின், ஆலை ஊர்கள் ஒரே வாரத்தில் மொய்க்காமல் கோடை முழுவதும் முறைவைத்து வந்தன. விடுதி நடத்திய பெண்களுக்குச் சில நாள் வருமானம் பல வாரங்களுக்கு நீண்டது. கடலுக்குள் நீளும் மூன்று உலாப் பாலங்களையும் (1863, 1868, 1893), 1894இல் திறந்த கோபுரத்தையும் தாங்கும் அளவுக்கு ஆள் வரத்து இருந்தது.

கூட்டம் பெரிதாக இருந்தும் அது கட்டுக்குள் இருந்ததற்கு இன்னொரு காரணம், வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அண்டை வீட்டார் அதே விடுதியில் தங்குவார்கள். மேற்பார்வையாளர் அதே மணலில் உட்கார்ந்திருப்பார். பலர் ஆண்டுதோறும் ஒரே விடுதிக்கே திரும்பினார்கள். உணவுப் பொருளை விருந்தினர் வாங்கித் தர, விடுதிக்காரப் பெண் சமைத்துப் போடும் வழக்கமும் இருந்தது. மேசையில் வைத்த உப்பு, மிளகுக்குத் தனிக் கட்டணம் கேட்ட விடுதிகளும் உண்டு!

இதைப் பொற்காலம் என்று பாட நான் தயாரில்லை. அந்த வாரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் சேமிப்புச் சங்கங்களில் வாராவாரம் கட்டிய பணத்தில்தான் பயணம். ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் 1938இல்தான் வந்தது. பின்னர் பஞ்சாலைகள் மூடப்பட, ஸ்பெயினுக்கு மலிவான விமானச் சுற்றுலாக்கள் பெருக, இந்த வழக்கம் தேய்ந்தது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘விழிப்பு வாரம்’ என்றால் போக்குவரத்துக் காவல்துறையின் விழிப்புணர்வு வாரம் நினைவுக்கு வரும். ‘ஊர் விடுப்பு’ சுருக்கமானது. ஆனால் இலங்கைத் தமிழில் விடுப்பு என்றால் வம்புப் பேச்சு. ஊரே ஒரு கடற்கரையில் கூடினால் அதற்கும் பஞ்சமிருந்திராது என்றாலும், ‘ஊர் விடுமுறை வாரம்’ என்பதே என் தேர்வு. பழைய சமய விழாவை மட்டும் குறிக்கும் இடத்தில் ‘திருவிழிப்பு விழா’ பொருந்தும்.