கத்தரிக்காயில் இருப்பது கழிவா, எச்சமா?

'பூச்சிமருந்துக் கழிவு' என்ற தொடரைச் செய்தித்தாளில் பார்த்தேன், வானொலியில் கேட்டேன், துண்டறிக்கைகளில் படித்தேன். பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் உழவர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அன்றுதான் பொறுமை போயிற்று.

பேச வந்தவர் கையேட்டைப் பார்த்து அப்படியே படித்தார்: "காய்கறிகளில் பூச்சிமருந்துக் கழிவுகள் அதிக அளவில் காணப்படுகின்றன." முன்னால் இருந்த ஓர் அம்மா எழுந்துவிட்டார். "காலிப் பாட்டிலைக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம் சார். டேங்க் கழுவிய தண்ணீரை வரப்பிலேயே ஊற்றிவிடுகிறோம். காய் மேல் எவன் கொண்டுபோய்க் கழிவைக் கொட்டினான்?" கூட்டம் சிரித்தது. பேசியவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அம்மாவின் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை; பிழை கையேட்டில் இருந்தது. கழிப்பது கழிவு. வேண்டாமென்று ஒதுக்கியது, தள்ளியது, கொட்டியது. காலிப் பாட்டில் கழிவு. டேங்க் கழுவிய தண்ணீரும் கழிவு. (அதை வரப்பில் ஊற்றலாமா என்பது வேறு சண்டை.) கத்தரிக்காயில் இருப்பதை யாரும் கழிக்கவில்லை. தண்டுத்துளைப்பானும் காய்த்துளைப்பானும் சாக வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கி, அளந்து ஊற்றி, வேண்டுமென்றே அடித்தது அது. வேலை முடிந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டது. அளவு தவறாமல் அடித்தாலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். இப்படித் தங்குவதற்குத் தமிழில் பெயர் எச்சம்.

வேர்ச்சொல் விவரத்தை விரைவாக முடித்துவிடுகிறேன். இதற்கான ஆங்கிலச் சொல் 'ரெசிட்யூ' லத்தீனிலிருந்து வந்தது. பின்னால் உட்கார்ந்துவிட்டது என்பது அதன் அடிப்பொருள். தமிழில் எஞ்சு என்பதிலிருந்து எச்சம், மிஞ்சு என்பதிலிருந்து மிச்சம். பூச்சிக்கொல்லி என்ற சொல் பூச்சிக்கு மட்டும்தான் பொருந்தும். களைக்கொல்லியையும் பூஞ்சைக்கொல்லியையும் அதற்குள் அடைப்பது சரியில்லை. இலங்கையில் இவற்றுக்கெல்லாம் பொதுவாகப் பீடைநாசினி என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் இங்கே பீடை என்றால் வீட்டைப் பிடித்த தரித்திரம் என்று பொருள். 1968இல் நம் நாட்டில் வந்த சட்டமே களைக்கொல்லியையும் சேர்த்துக்கொண்டு 'பூச்சிக்கொல்லிகள் சட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டது. ஆகவே இதில் தமிழை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்தச் சட்டம் வந்த கதையிலும் இந்தச் சொற்சிக்கலுக்கு ஒரு பாடம் உண்டு. 1958இல் கேரளத்தில் கோதுமை மாவில் செய்த பண்டத்தைத் தின்ற நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாவோடு ஒரே கப்பலில் வந்த பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கசிந்து மூட்டைகளில் ஏறியிருந்தது. அது கசிவு, கலப்பு. அதைக் கழிவு என்றும் சொல்ல முடியாது, எச்சம் என்றும் சொல்ல முடியாது. மூன்றுக்கும் காரணம் வேறு, தடுக்கும் வழி வேறு. மூன்றையும் 'கழிவு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் யாரை எங்கே கேள்வி கேட்பது என்றே தெரியாமல் போய்விடும்.

கழிவு என்பவர்களுக்கு இவ்வளவு போதும். படித்தவர்கள் சொல்லும் 'படிவு'தான் எனக்குப் பெரிய தலைவலி. மேலே படிந்திருப்பதால் படிவு என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படிந்தது கழுவினால் போக வேண்டுமே? இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகளைச் செடி தன் சாற்றோடு ஏற்றிக்கொள்கிறது. அது தோலில் படிந்திருக்கவில்லை, சதைக்குள் இருக்கிறது. 'படிவு' என்று படித்த வீட்டுக்காரர் காயை உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு நிம்மதியாக வதக்குவார். ஒரு சொல் தரும் பொய் நிம்மதி இது. கழுவவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே இருப்பதில் ஒரு பகுதி கழுவினால் போகும்.

வேளாண் கட்டுரைகளில் 'எஞ்சிய நஞ்சு' என்று எழுதுவோரும் உண்டு. இவர்களோடு எனக்குப் பகை இல்லை, வழக்கு மட்டும் உண்டு. அடித்ததில் ஒரு பங்கு அப்படியே மீந்திருக்கிறது என்ற எண்ணத்தை இது தருகிறது. ஆனால் உணவுத் தரம் பற்றிய உலக விதிகள், அடித்த மருந்து மாறிப் பிறக்கும் பொருள்களையும் எச்சம் என்ற கணக்கிலேயே வைக்கின்றன. டிடிடி சிதைந்து டிடிஇ ஆகிறது. அசிபேட்டிலிருந்து மெத்தமிடோபாஸ் பிறக்கிறது. தாயைவிடப் பிள்ளைக்கு நஞ்சு அதிகம். எண்டோசல்பான் மண்ணில் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறி இன்னும் நெடுநாள் கிடக்கிறது. இவை 'எஞ்சியவை' ஆகுமா? இவை வாரிசுகள்.

இங்கேதான் எச்சம் என்ற சொல் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்ற குறளில் வரும் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கொண்டார். விட்டுச்சென்றதும் எச்சம், பெற்றுவிட்டுச் சென்றதும் எச்சம். வேதியியலார் தாய்ச்சேர்மம், அதன் வழித்தோன்றல் என்று சுற்றி வளைத்துச் சொல்வதை இந்த ஒரு சொல் முன்பே அடக்கி வைத்திருக்கிறது. இதை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடி அலைவானேன்?

எச்சம் என்றால் காக்கை எச்சம் நினைவுக்கு வருகிறதாம். ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் முகத்தைச் சுளித்தார். கீழடியில் கட்டட எச்சங்கள் கிடைத்தன என்று செய்தி வந்தபோது யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லையே! பெயரெச்சமும் வினையெச்சமும் பள்ளியில் படித்தவர்தானே அவரும்? முன்னால் 'நச்சு' என்று ஒரு சொல்லைச் சேர்த்து 'நச்செச்சம்' என்று எழுதுங்கள், காக்கை பறந்துவிடும். அதே வேரில் பிறந்த எச்சிலையும் நினைத்துக்கொள்ளலாம். வாய் வைத்துக் குடித்த தம்ளரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; ஆனாலும் கழுவாமல் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருப்பதை இதைவிட எளிதாக எந்தக் கையேடு விளக்கும்?

வீட்டைப் பற்றிப் பேசும்போது மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் கூத்து இன்னும் மோசம். 'உழவர் குடும்பங்கள் பூச்சிக்கொல்லிகளுக்கு வெளிப்படுகின்றன' என்று ஓர் அறிக்கையில் படித்தேன். எங்கிருந்து வெளிப்படுகின்றன, திரைக்குப் பின்னாலிருந்தா? மேலே மருந்து பட்டுவிட்டது என்கிறது ஊர். ஆங்கிலத்தின் 'எக்ஸ்போஷ'ருக்குப் படுதல் என்ற சொல் இருக்க, வெளிப்பாடு எதற்கு? அந்த அறிக்கை சொல்ல வந்தது முக்கியமான செய்தி. தெளித்துவிட்டு வருகிறவர் துண்டை உதறித் திண்ணைக் கொடியில் போடுகிறார். அதே கையோடு பிள்ளையைத் தூக்குகிறார். துண்டிலும் செருப்பிலும் வந்தது தரையில் இறங்குகிறது. வயலில் கிடந்தால் வெயிலும் மழையும் மண்ணின் நுண்ணுயிரும் அதைச் சிதைக்கும். கூரைக்குக் கீழே அந்த மூன்றும் குறைவு என்பதால் பாய்க்கு அடியில் தூசியோடு தூசியாக நெடுநாள் இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பழத்தோட்டத் தொழிலாளர் வீடுகளின் தூசியைச் சோதித்தபோது தோட்டத்தில் அடித்த நஞ்சுகள் அதில் இருந்தன. கேரளத்தின் காசர்கோட்டில் 2000 வரை முந்திரித் தோப்புகளுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தெளிப்பு நின்று மாதங்கள் கழித்துக் குழந்தைகளிடம் எடுத்த இரத்தத்திலும் அது இருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது 2011இல். அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் இருந்ததைக் 'கழிவு' என்று எழுத யாருக்காவது கை வருமா?

'மருந்து' என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் கிளம்பப் போவதில்லை. வயலுக்கு மருந்து அடித்தான் என்கிறோம். மருந்தைக் குடித்துவிட்டான் என்றும் சொல்கிறோம், அது காய்ச்சல் மருந்து இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் தன் வழியில் சரியாகத்தான் பேசுகிறது. அச்சில் எழுதுகிறவர்கள்தான் குழப்புகிறார்கள். உணவில் தங்கியிருக்க அனுமதிக்கும் உச்ச அளவைச் சிலர் 'பாதுகாப்பான நச்சளவு' என்று எழுதுவதையும் பார்த்தேன். எச்ச வரம்பு என்றால் போதாதா? தனியாக வரம்பு குறிக்காத மருந்துகளுக்கு ஐரோப்பாவில் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 டன் காயில் 1 கிராம். இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் ஒன்றுக்கு இவ்வளவு அசட்டையாகப் பெயர் வைக்கலாமா?

கூட்டம் முடிந்ததும் கையேடு அச்சிட்டவர்களிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். சில மாதம் கழித்துப் புதிய பதிப்பு தபாலில் வந்தது. ஆவலோடு பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் திருத்தியிருந்தார்கள்: 'பூச்சிமருந்து எச்சக் கழிவுகள்'.